தெருப் பூனையும் டாக்ஸோபிளாஸ்மாவும்: சோறு வைப்பவர்களுக்கும் காப்பகம் நடத்துபவர்களுக்கும் ஒரு முழு வழிகாட்டி

நம்மூரில் பூனை இருக்கும் வீட்டில் ஒரு பெண் மாசமானால், முதலில் வீட்டை விட்டுப் போவது பூனைதான். யாரோ ஒரு அத்தை "பூனை முடி குழந்தைக்கு ஆகாது" என்பார். டாக்டர் டார்ச் டெஸ்ட், அதாவது கருவைத் தாக்கும் தொற்றுகளுக்கான ரத்தப் பரிசோதனை, எழுதித் தருவார். அதில் முதலில் வருவது டாக்ஸோபிளாஸ்மா என்று கூகுள் சொல்லும். அன்று சாயங்காலமே பூனை கோணிப்பைக்குள் போய், மீன் மார்க்கெட் பக்கம் இறக்கிவிடப்படும். இதில் கொடுமை என்னவென்றால், வீட்டுக்குள்ளேயே தயிர்சாதம் தின்று வளர்ந்த பூனை அந்தக் கிருமியைப் பெரும்பாலும் கண்டிருக்கவே கண்டிருக்காது. தெருவுக்கு வந்து பசியில் எலி பிடித்துத் தின்ற பிறகுதான் அது கிருமியைப் பரப்பும் நிலைக்கு வருகிறது.

தெருப் பூனைகளுக்குச் சோறு வைப்பவர்கள், வீட்டு மாடியிலோ ஷெட்டிலோ பத்துப் பதினைந்து பூனைகளை வைத்துப் பார்ப்பவர்கள், சின்னக் காப்பகம் நடத்துபவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். இந்த நோய் விஷயத்தில் நம் கையில் இருக்கும் பிடி இரண்டே இரண்டு: பூனை என்ன தின்கிறது, அதன் மலம் எவ்வளவு நேரம் அள்ளப்படாமல் கிடக்கிறது. டெஸ்ட், மருந்து எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கிருமியின் கணக்கு

டாக்ஸோபிளாஸ்மா கோண்டி என்பது ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. 1908இல் துனிஸ் நகரில் சார்லஸ் நிக்கோல், லூயி மான்சோ இருவரும் கோண்டி எனப்படும் வட ஆப்பிரிக்கக் கொறித்துண்ணியில் இதைக் கண்டார்கள். அதே ஆண்டு பிரேசிலில் ஸ்ப்லெண்டோரே ஒரு முயலில் கண்டார். ஆனால் இதில் பூனைக்கு என்ன பங்கு என்பது தெளிவாக இன்னும் அறுபது ஆண்டு பிடித்தது. 1970 வாக்கில்தான் முழுச் சுற்றும் புரிந்தது.

ஆடு, கோழி, பன்றி, எலி, காக்கை, மனிதன் என்று வெப்ப ரத்தம் உள்ள எந்த உயிருக்குள்ளும் இது புகுந்து, தசையிலும் மூளையிலும் சின்னச் சின்னக் கூடுகளாக உட்கார்ந்துகொள்ளும். ஆனால் ஆண், பெண் வடிவம் எடுத்து முட்டை போன்ற உறைகளை உண்டாக்குவது பூனைக் குடும்பத்தின் குடலில் மட்டும்தான். ஏன் பூனை மட்டும்? பூனையின் குடலில் லினோலியிக் அமிலத்தை உடைக்கும் ஒரு நொதி வேலை செய்வதில்லை. அதனால் அங்கே அந்த அமிலம் தேங்குகிறது. ஒட்டுண்ணிக்கு இனப்பெருக்கம் செய்ய அதுதான் தேவைப்படுகிறது. 2019இல் வெளிவந்த ஆய்வு இது. அந்த நொதியை எலியில் முடக்கி, லினோலியிக் அமிலத்தையும் ஊட்டியபோது, எலியின் குடலிலேயே அந்த உறைகள் உருவாகின.

இனி நாள் கணக்கு. இதை மனதில் ஏற்றிக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

எலியையோ பச்சைக் கறியையோ தின்று முதல்முறை தொற்று வாங்கிய பூனை, 3 முதல் 10 நாட்களுக்குள் மலத்தில் உறைகளை வெளியேற்றத் தொடங்கும். அது 1 முதல் 3 வாரம் வரை நீடிக்கும். அந்தச் சில நாட்களில் வெளியேறுவது லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில். ஆனால் அன்றன்று விழும் மலத்தில் இருக்கும் உறை யாரையும் தொற்றாது. வெளிக்காற்றில் 1 முதல் 5 நாள் கிடந்து முதிர்ந்தால்தான் அதற்குத் தொற்றும் திறன் வரும். முதிர்ந்துவிட்டால் ஈர மண்ணில் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். ஒரு உறையின் அளவு சுமார் 10 மைக்ரோமீட்டர்தான் என்பதால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

ஒருமுறை இப்படி வெளியேற்றி முடித்த பூனைக்கு நல்ல எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். பெரும்பாலான பூனைகள் வாழ்நாளில் ஒரேயொரு முறைதான் இந்தக் கட்டத்தைக் கடக்கின்றன. பல வருடம் கழித்தோ, உடம்பின் எதிர்ப்புச் சக்தி நொறுங்கிப்போன நிலையிலோ மறுபடி கொஞ்சம் வெளியேற்றுவது உண்டு, அது அபூர்வம். எந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டாலும், ஊரில் உள்ள பூனைகளில் நூற்றுக்கு ஒன்றுதான் உறைகளை வெளியேற்றிக்கொண்டிருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு.

ஆக, காது கிழிந்து, மூக்கில் தழும்போடு, தெருவையே ஆண்டுகொண்டிருக்கும் அந்தக் கிழட்டுக் கடுவனைப் பார்த்துப் பயப்படுவதில் அர்த்தம் இல்லை. அவன் கதை எப்போதோ முடிந்திருக்கும். நீங்கள் கண் வைக்க வேண்டியது, இப்போதுதான் வேட்டையாடப் பழகும் நாலு மாதம், ஆறு மாதக் குட்டிகள் மேல். எல்லோரும் பயப்படுவது தெருவில் அடிபட்ட பெரிய பூனைக்கு. எல்லோரும் மடியில் தூக்கி வைப்பது குட்டியை. கணக்கு நேர்மாறாக இருக்கிறது.

புதுப் பூனை வரும் நாள்

புதிதாக வரும் பூனையைத் தனி அறையிலோ தனிக் கூண்டிலோ மூன்று வாரம் வையுங்கள். மற்ற நோய்களுக்காகவும் இதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் டாக்ஸோவுக்கு மூன்று வாரம் என்பது கச்சிதமாகப் பொருந்துகிறது. வருவதற்கு முந்தின வாரம் எலி தின்றிருந்தாலும், உறை வெளியேற்றும் காலம் அநேகமாக இந்த மூன்று வாரத்துக்குள் அடங்கிவிடும். அந்த அறைக்கு என்று தனி மணல் தட்டு, தனிக் கரண்டி, தனிக் கையுறை. கரண்டியில் சிவப்பு டேப் ஒட்டிவிட்டால் யாரும் மாற்றி எடுக்க மாட்டார்கள்.

ஒரு நோட்டு போடுங்கள். வந்த தேதி, உத்தேச வயது, எங்கிருந்து வந்தது, வெளியே என்ன தின்றுகொண்டிருந்தது, எடை. கோழிக்கடை வாசலிலிருந்து வந்த குட்டியும், அடுக்குமாடிக் குடியிருப்பில் பிஸ்கட் தின்று வளர்ந்த குட்டியும் ஒன்றல்ல.

காசு இருந்தால் புதுப் பூனைக்கு முதலில் செய்ய வேண்டியது டாக்ஸோ டெஸ்ட் அல்ல, எஃப்ஐவி மற்றும் ஃபீலைன் லுகேமியா டெஸ்ட். இந்த இரண்டு வைரஸும் எதிர்ப்புச் சக்தியைத் தின்பவை. இவை இருக்கும் பூனைக்குள் டாக்ஸோ தூங்கிக்கொண்டிருந்தால், அது எழுந்து உயிரை எடுக்கும் அளவுக்குப் போகலாம். இடப் பற்றாக்குறையில் யாரைத் தனியாக வைப்பது என்று முடிவு செய்யவும் இந்த டெஸ்ட்தான் உதவும்.

சாப்பாடு

காப்பகங்களின் பலவீனம் இங்கேதான். சாயங்காலம் கோழிக்கடைக்குப் போய், மீந்துபோன தலை, கால், தோல், குடல் எல்லாவற்றையும் ஒரு கேரி பேக்கில் வாங்கி வந்து அப்படியே கொட்டிவிடுவார்கள். சும்மா கிடைக்கிறது, பூனைகளும் பாய்ந்து தின்கின்றன. ஆனால் டாக்ஸோ கூடுகள் பூனைக்குள் போக இதைவிட நேரான வழி கிடையாது. முதிர்ந்த உறையைத் தின்ற பூனைகளில் கொஞ்சம்தான் பின்னர் மலத்தில் உறை வெளியேற்றும். தசையில் இருக்கும் கூட்டைத் தின்ற பூனையோ கிட்டத்தட்ட எல்லாமே வெளியேற்றும்.

மண்ணைக் கிளறித் தின்னும் நாட்டுக்கோழியிலும், வெளியே மேயும் ஆட்டிலும் இந்தக் கூடுகள் இருக்க வாய்ப்பு அதிகம். கூண்டுக்குள்ளேயே வளரும் பிராய்லரில் குறைவு. அதற்காகப் பிராய்லரைப் பச்சையாகப் போடலாம் என்று அர்த்தமில்லை. சால்மொனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி வரிசையில் நிற்கிறது.

தீர்வு சுலபம். குக்கரில் போட்டு நாலு விசில். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். கறியின் நடுப்பகுதி 67 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே கூடுகள் செத்துவிடும். குக்கர் அதையெல்லாம் எப்போதோ தாண்டிவிடும். தினமும் வேகவைக்க ஆள் இல்லை என்றால் டீப் ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் பல நாள் உறையவைத்தாலும் கறியில் உள்ள கூடுகள் பெரும்பாலும் சாகும். வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் அறை அந்தக் குளிருக்கு எப்போதும் போகும் என்று நம்ப வேண்டாம். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் குக்கர்தான் நம்பகம். வெந்த பின் எலும்பை எடுத்துவிடுங்கள். வெந்த கோழி எலும்பு கூராகப் பிளந்து தொண்டையில் குத்தும்.

காய்ச்சாத ஆட்டுப் பாலிலும் இந்தக் கிருமி வரக்கூடும். குட்டிக்குத் தாய்ப்பால் இல்லை என்று பக்கத்து வீட்டு ஆட்டில் கறந்து அப்படியே கொடுப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

காப்பகத்தில் எலி இருந்தால் மேலே சொன்னதெல்லாம் வீண். அரிசி மூட்டையையும் பூனைத் தீனி மூட்டையையும் மூடி போட்ட டிரம்மில் வையுங்கள். கரப்பானும் ஈயும்கூட மலத்திலிருந்து உறைகளைக் கால்களில் ஒட்டிக்கொண்டு சாப்பாட்டுத் தட்டுக்குக் கொண்டுவரும். எலி விஷம் மட்டும் வைக்கவே வேண்டாம். விஷம் தின்ற எலியைத் தின்ற பூனையைக் காப்பாற்றும் வேலை டாக்ஸோவைவிடப் பெரிது.

மணல் தட்டு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள்.

24 மணி நேரத்துக்கு ஒருமுறை மலத்தை அள்ளிவிட்டால், உறைகள் முதிர்வதற்குப் போதிய அவகாசம் கிடைப்பதில்லை. தனிமை அறையில் காலை, மாலை இரண்டு வேளை. ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி, மழை எதுவும் கணக்கில்லை. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் அள்ளுபவர் கையுறையோடு முகக்கவசமும் போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான், பதற்றப்பட ஒன்றுமில்லை.

தட்டு எது வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் கொதிநீரைத் தாங்க வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் ட்ரே நாலு நாளில் வளைந்து கீறல் விழும், கீறலுக்குள் அழுக்கு நிற்கும். அகலமான தகரத் தட்டோ பழைய அலுமினியத் தாம்பாளமோ காப்பகத்துக்குத் தோது. உள்ளே நாலு மடிப்புச் செய்தித்தாள், அதன்மேல் ஒரு விரல் கனத்துக்கு மரத்தூளோ மணலோ. ஈரம் பட்டால் கட்டியாகும் பூனை மணல் கடையில் கிடைக்கும், வசதிதான். இருபது பூனைக்கு வாங்கிக் கட்டுப்படியாகாது.

அள்ளும் முறை: கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மணல் காய்ந்து தூசி பறக்கிற மாதிரி இருந்தால் முதலில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். துடைப்பத்தால் பெருக்காதீர்கள். மலத்தைக் கரண்டியால் எடுத்துப் பையில் போடுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று முறை செய்தித்தாளின் நான்கு மூலையையும் சேர்த்துத் தூக்கி மொத்தமாக மாற்றிவிடுங்கள். பையை முடிச்சுப் போட்டு, இன்னொரு பைக்குள் வைத்து மறுபடி முடிச்சுப் போடுங்கள். காலித் தட்டில் அடுப்பிலிருந்து இறக்கிய கொதிநீரை விளிம்பு வரை ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். கரண்டியையும் அதிலேயே போடுங்கள். அப்புறம் சோப்புப் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்து வையுங்கள்.

கொதிநீரை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ப்ளீச்சிங் பவுடர் இந்த உறைகளை ஒன்றும் செய்யாது. டெட்டால், ஃபினாயில் போட்டால் வாசனைதான் மாறும். ஃபினாயில் வகைகள் பூனையின் கல்லீரலுக்கு விஷம் வேறு. அம்மோனியா கொல்லும் என்றாலும் அதன் நெடி மூடிய அறையில் மனிதர்களையே விரட்டும். அதை ப்ளீச்சோடு கலந்தால் நச்சுப்புகை வரும். 60 டிகிரிக்கு மேலான வெந்நீர் ஒன்றே மலிவு, நிச்சயம். குளிரிலும் இவை சாவதில்லை. மைனஸ் 20 டிகிரியில் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். கறியிலுள்ள கூட்டைக் கொல்லும் ஃப்ரீசர் மலத்திலுள்ள உறையைக் கொல்லாது என்பதைச் சேர்த்து நினைவில் வையுங்கள்.

பழைய மணலை வெயிலில் உலர்த்தித் திரும்பப் போடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. மேல் மணல் காயும், அடி மணலில் ஈரம் அப்படியே இருக்கும். இந்தச் சிக்கனம் வேண்டாம்.

அள்ளிய மலத்தைக் கழிவறையில் கொட்டக் கூடாது. சாதாரணச் சுத்திகரிப்பில் இந்த உறைகள் சாவதில்லை. கலிஃபோர்னியக் கடற்கரையில் கடல் நீர்நாய்கள் டாக்ஸோவால் செத்து ஒதுங்கியதற்கு, நிலத்திலிருந்து மழைநீரோடு கடலுக்குப் போன பூனை மலத்தைத்தான் ஆய்வாளர்கள் கை காட்டுகிறார்கள். மாடித்தோட்டத்துக்கு உரமாக்கவும் கூடாது. கீரைப் பாத்தியில் போட்டால் அது நேராக உங்கள் தட்டுக்கே திரும்பும். மாநகராட்சிக் குப்பையில் இரட்டைப் பையோடு போடுங்கள். குப்பை வண்டி வராத ஊர் என்றால், கிணற்றுக்கும் காய்கறிப் பாத்திக்கும் தள்ளி, ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள்.

நோயில் விழும் பூனை

தொற்று வாங்கிய பூனைகளில் பெரும்பாலானவை ஒரு தும்மல்கூடப் போடாமல் கடந்துவிடும். இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, கொஞ்சம் மந்தம். நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். நோயாக மாறுவது குட்டிகளிலும், எஃப்ஐவி, லுகேமியா உள்ளவற்றிலும், ஸ்டீராய்டு போன்ற எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருப்பவற்றிலும்தான் அதிகம்.

பார்க்க வேண்டியவை: சாப்பாட்டை மோந்துவிட்டு விலகுவது, 40 டிகிரிக்கு மேல் போய், வழக்கமான ஆன்டிபயாடிக்குக்கு அசையாத காய்ச்சல், ஓடாமலேயே வேகமாக மூச்சு வாங்குவது, வயிறு ஏறி இறங்குவது. ஈறும் காதின் உள்பக்கமும் மஞ்சளாவது கல்லீரல் தாக்கப்பட்டதற்கு அடையாளம். தள்ளாட்டம், தலை சாய்வு, வலிப்பு என்றால் மூளைக்குப் போயிருக்கிறது. வயிற்றிலேயே தொற்று வாங்கிப் பிறக்கும் குட்டிகள் செத்துப் பிறக்கும், அல்லது பால் குடிக்காமல் சில நாளில் போய்விடும்.

கண்ணைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காப்பகத்தில் எளிதாகப் பிடிபடக்கூடிய அடையாளம் அதுதான். பூனையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே வைத்து இரண்டு கண்களையும் ஒப்பிடுங்கள். ஒரு கண்ணின் பாப்பா சின்னதாக, மற்றது பெரிதாக இருக்கிறதா? பச்சையோ மஞ்சளோ இருந்த கருவிழி வளையம் ஒரு பக்கம் மட்டும் பழுப்பாக, மங்கலாக மாறியிருக்கிறதா? கண்ணுக்குள் புகை படிந்த மாதிரி தெரிகிறதா? பூனை அந்தக் கண்ணை இடுக்கிக்கொண்டே இருக்கிறதா? சளிக் கண் என்று சொட்டு மருந்து போட்டு நாளைக் கடத்தாமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள். கண்ணுக்குள் வரும் இந்த அழற்சிக்கு டாக்ஸோ ஒரு காரணம். லுகேமியா, எஃப்ஐவி, எஃப்ஐபி என்ற இன்னொரு வைரஸ் நோய் ஆகியவையும் காரணமாகலாம். எதுவானாலும் காத்திருந்தால் பார்வை போகும்.

நோயில் இருக்கும் பூனை பக்கத்துக் கூண்டுப் பூனைக்கு மூச்சாலோ நக்குவதாலோ டாக்ஸோவைக் கொடுக்காது. மலத்தை அன்றன்று அள்ளினால் போதும். தனியாக வைப்பது அதன் ஓய்வுக்காகத்தான்.

டெஸ்ட்டில் எதை நம்புவது

ரத்தத்தில் ஐஜிஜி, ஐஜிஎம் என்று இரண்டு எதிர்ப்புப் பொருட்களைப் பார்ப்பார்கள். பூனையின் ஐஜிஜி பாசிட்டிவ் என்று தாள் வந்ததும் தத்தெடுக்க வந்தவர்கள் ஓடிவிடுவார்கள். உண்மையில் ஓட வேண்டியதே இல்லை. ஐஜிஜி உருவாகச் சில வாரங்கள் பிடிக்கும். அது வருவதற்குள் உறை வெளியேற்றும் காலம் பொதுவாக முடிந்துவிடும். ஆரோக்கியமான, ஐஜிஜி பாசிட்டிவான பூனைதான் ஒரு வீட்டுக்குப் போக மிகப் பொருத்தமான பூனை. நெகட்டிவ் என்று வந்த பூனைதான் இனி தொற்று வாங்கக்கூடியது; அதற்குத்தான் வேகவைத்த சாப்பாடும் வீட்டுக்குள் வளர்ப்பும் அவசியம்.

ஐஜிஎம் பாசிட்டிவ் என்றால் புதுத் தொற்றாக இருக்கலாம். ஆனால் சில பூனைகளில் அது மாதக்கணக்கில் இறங்காமல் இருக்கும். எனவே நோயுள்ள பூனையில் மருத்துவர்கள் இரண்டு மூன்று வாரம் விட்டு இன்னொரு முறை ரத்தம் எடுத்து, ஐஜிஜி நான்கு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதோடு அறிகுறி பொருந்துவது, வேறு காரணங்கள் இல்லாதது, மருந்துக்கு உடனே தேறுவது எல்லாம் சேர்ந்தால்தான் நோய் என்று சொல்ல முடியும். ஒற்றைத் தாளை வைத்து முடிவு கட்ட முடியாது.

மலப் பரிசோதனை கேட்பதற்கு நேரடியாகத் தோன்றும். சர்க்கரைக் கரைசலில் மிதக்கவிட்டு மைக்ராஸ்கோப்பில் தேடுவார்கள். நோய் வெளியே தெரியும்போது பூனை உறை வெளியேற்றுவதை நிறுத்தியிருக்கும் என்பதால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. கிடைத்தாலும், ஹம்மோண்டியா என்ற வேறொரு ஒட்டுண்ணியின் உறை பார்வைக்கு அச்சு அசலாக இதேபோல இருக்கும். பிசிஆர் செய்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். ஆரோக்கியமாகத் திரியும் பூனைகள் எல்லாவற்றுக்கும் டாக்ஸோ டெஸ்ட் எடுப்பது என் பார்வையில் பண விரயம். அந்தப் பணத்தில் இரண்டு கருத்தடை ஆபரேஷன் செய்யலாம்.

மருந்து

கால்நடை மருத்துவர்கள் முதலில் எடுப்பது கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக். வழக்கமாக உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 12.5 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை, நான்கு வாரம். இந்த எண்ணை இங்கே எழுதுவது நீங்களே கொடுப்பதற்காக அல்ல, ஒரு ஆபத்தைக் காட்டுவதற்காக. மெடிக்கல் ஷாப்பில் மனிதர்களுக்கான கேப்ஸ்யூல் 150, 300 மில்லிகிராமில் கிடைக்கும். 3 கிலோ பூனைக்கு ஒரு வேளைக்குத் தேவை சுமார் 30 முதல் 37 மில்லிகிராம். முழுக் கேப்ஸ்யூலை விழுங்கவைத்தால் நான்கு மடங்கு முதல் பத்து மடங்கு வரை போய்விடும். எடையைச் சொல்லி, அளவைப் பிரித்துத் தருமாறு மருத்துவரிடமே கேளுங்கள்.

கொடுக்கும் விதம் முக்கியம். பூனையைத் துண்டில் கழுத்துவரை சுற்றுங்கள். ஒரு கையால் கன்ன எலும்புகளைப் பிடித்து மூக்கை மேலே தூக்கினால் கீழ்த்தாடை தானாகத் தளரும். மருந்தை நாக்கின் பின்பகுதியில் வைத்து வாயை மூடிப் பிடியுங்கள். பூனை மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டது என்று அர்த்தம். இங்கேயே விட்டுவிடாதீர்கள். ஊசி கழற்றிய சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீரைக் கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், அல்லது உடனே ஒரு கவளம் ஈரமான சாப்பாடு. கிளிண்டாமைசின் காய்ந்தபடி உணவுக்குழாயில் ஒட்டி நின்றால் அங்கே புண்ணாகி, ஆறும்போது குழாய் சுருங்கிவிடும். அதன்பின் அந்தப் பூனை சாப்பிட்டதையெல்லாம் கக்கும். நோயைவிட மோசமான பின்விளைவு அது. திரவ மருந்து கசப்பானது; பூனை நுரை தள்ளி அமர்க்களம் செய்யும். அது ஒவ்வாமை அல்ல, வெறுப்பு.

மருந்து வேலை செய்தால் இரண்டு நாளிலேயே காய்ச்சல் இறங்கி, சாப்பாட்டுத் தட்டுப் பக்கம் வரும். அந்த மாற்றத்தைப் பார்த்து ஒரு வாரத்தில் நிறுத்துபவர்கள் நிறைய. நான்கு வாரம் என்றால் நான்கு வாரம். மூளை, நுரையீரல் பாதிப்பில் தேறுவது மெதுவாக இருக்கும். சில தேறாமலும் போகும். மருந்து கிருமியை அடக்குமே தவிர, தசையில் உட்கார்ந்துவிட்ட கூடுகளை முழுவதும் துடைக்காது. எனவே பின்னாளில் அந்தப் பூனைக்கு ஸ்டீராய்டு ஊசி போட யாராவது சிரிஞ்சை எடுத்தால், நோட்டைக் காட்டி டாக்ஸோ வந்த பூனை என்று சொல்லுங்கள். பூனைக்கு இந்த நோய்க்கான தடுப்பூசி கிடையாது. செம்மறி ஆட்டுக்கு உண்டு. அதைப் பூனைக்குப் போட முடியாது.

மனிதர்கள்

காப்பகத்தில் உதவ வரும் ஒரு பெண் கர்ப்பமாக இருக்கிறார், அல்லது கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறார் என்றால், மணல் தட்டு வேலையை அவரிடமிருந்து எடுத்துவிடுங்கள். அவ்வளவுதான். தடவிக் கொடுக்கலாம், சோறு வைக்கலாம், மடியில் வைத்துக்கொள்ளலாம். பூனை தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்வதால், முடியில் உறை ஒட்டி முதிர்ந்து தொற்றும் அளவுக்கு இருப்பதில்லை. வேறு ஆளே இல்லை என்றால் கையுறை, முகக்கவசம், தினசரி அள்ளுதல், சோப்பில் கை கழுவுதல். எச்ஐவி உள்ளவர்கள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்தவர்கள், கீமோ எடுப்பவர்களுக்கும் இதே ஏற்பாடு.

மனிதருக்குத் தொற்று வரும் பல வழிகளில் பூனைத் தட்டும் ஒன்று, அவ்வளவுதான். சரியாக வேகாத கறி, கழுவாத கீரை, கொத்தமல்லி, மண் வேலை செய்த கையோடு சாப்பிடுவது, காய்ச்சாத தண்ணீர் எல்லாம் அதே வரிசையில்தான் நிற்கின்றன. பூனையை விரட்டிவிட்டு, அரைவேக்காட்டு ஈரலைச் சத்து என்று கர்ப்பிணிக்குக் கொடுக்கும் வீடுகள் உண்டு.

குழந்தைக்கு ஆபத்து, தாய்க்கு முதல் தொற்று கர்ப்ப காலத்திலேயே வந்தால்தான். ஆரம்ப மாதங்களில் வந்தால் கருவுக்குப் போகும் வாய்ப்பு குறைவு; ஆனால் போனால் பாதிப்பு கடுமை: மூளையில் நீர் கோத்தல், கண் விழித்திரை அழற்சி, கருச்சிதைவு. கடைசி மாதங்களில் கருவுக்குப் போகும் வாய்ப்பு அதிகம், பாதிப்பின் கடுமை குறைவு. கர்ப்பத்துக்கு முன்பே வந்துபோன தொற்று, எதிர்ப்புச் சக்தி சரியாக உள்ள பெண்ணின் குழந்தையைப் பொதுவாகத் தொடுவதில்லை. டார்ச் டெஸ்ட்டில் ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ் என்று ஆரம்ப மாதங்களில் வந்தால் அது பழைய தொற்று. ஐஜிஎம் பாசிட்டிவ் என்று வந்தால் அந்த ஒன்றை மட்டும் வைத்துக் கருவைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. தொற்று புதிதா பழையதா என்று பிரித்தறிய உதவும் அவிடிட்டி என்ற அடுத்த டெஸ்ட்டைப் பற்றி மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். புதுத் தொற்று உறுதியானாலும் மருந்து இருக்கிறது.

தண்ணீரும் மண்ணும்

2004-05 வாக்கில் கோயம்புத்தூரில் திடீரென்று கண் பார்வை மங்கி வந்தவர்கள் பலருக்கு டாக்ஸோ விழித்திரை அழற்சி என்று தெரியவந்தது. 248 நோயாளிகளைப் பற்றிய அந்த ஆய்வு 2010இல் வெளியானது. குடிநீர்த் தேக்கம் ஒன்று மாசுபட்டதுதான் மூலமாக இருக்கும் என்று சந்தேகித்தார்கள். அதற்குப் பத்து வருடம் முன் 1995இல் கனடாவின் விக்டோரியா நகரிலும் குடிநீர் வழியாக இதேபோல் பரவியது. குடிநீரில் போடும் குளோரின் அளவு இந்த உறைகளுக்கு உறைக்காது. காய்ச்சினால் போதும், நல்ல வடிகட்டியும் பிடித்துவிடும்.

காப்பகத்தின் தரைத்தொட்டிக்கும் மாடித் தொட்டிக்கும் இறுக்கமான மூடி போடுங்கள். கட்டட வேலைக்குக் குவித்த மணலைத் தார்ப்பாயால் மூடச் சொல்லுங்கள். தெருப் பூனைகளுக்கு அதைவிட நல்ல கழிப்பறை கிடையாது, தெருப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல விளையாட்டு மைதானமும் கிடையாது. பூனைகளுக்கு வேறு இடத்தில் நிழலான ஒரு மணல் பெட்டி வைத்து தினமும் அள்ளினால், மெல்ல மெல்ல அங்கே வரப் பழகும்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கருத்தடை. உறை வெளியேற்றுவது பெரும்பாலும் முதல்முறை தொற்று வாங்கும் இளம் பூனைகள் என்பதால், ஒரு தெருவில் ஆண்டுக்கு ஆண்டு புதுக் குட்டிகள் குறைந்தால் மண்ணில் விழும் உறையும் குறையும். ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி உள்ள பெரிய பூனைகளைப் பிடித்துக் கண்காணாத இடத்தில் விட்டால், காலியான இடத்துக்கு இளசுகள் வந்து சேரும். ஆகவே பிடிப்பது ஆபரேஷனுக்காக மட்டும் இருக்கட்டும். முதலில் பெண் பூனைகள், அதிலும் பால்குடி மறந்த குட்டிகளோடு திரியும் தாய்கள். காயம் ஆறியதும் பிடித்த அதே சந்தில் கொண்டுபோய் விடுங்கள்.